எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையும் மூன்று சங்கங்களும்

எங்கள் வட்டாரத்தில் ஒரு வணிகர் சமூகத்துக்கு ஏதேனும் செய்கிறார் என்றால் அது எப்படி நடக்கும் என்பதை நாளிதழ் படிக்கும் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, ஏதேனும் ஒரு மண்டபத்தில், மேசை அகலத்துக்கு ஒரு மாதிரி காசோலை தயாராக இருக்கும். அதன் ஒரு முனையை வணிகர் பிடித்திருப்பார். மறுமுனையை ஆதரவற்றோர் இல்லத்தின் தலைவர் பிடித்திருப்பார். நடுவில் மக்கள் பிரதிநிதி சிரித்துக்கொண்டிருப்பார். பின்வரிசையில் அரிசி, எண்ணெய், மீகூன் பொட்டலம் அடங்கிய கூடைகளோடு முதியவர்கள் வெயிலில் நிற்பார்கள். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தக் கூடையால் இரண்டு வாரம் அடுப்பெரிந்த வீடுகளை நான் அறிவேன். ஆனால் ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் கிடக்கும் ஐம்பது வாரங்களுக்கு அந்தப் படத்தில் இருக்கும் எவரும் பொறுப்பில்லை என்பதும் உண்மை.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை அந்த ஐம்பது வாரங்களில் சிலவற்றுக்காவது பொறுப்பேற்றுக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்க அண்ணே, ஆனா என் பேரும் கடை பேரும் வேணாம். பேரைப் போட்டா நாளைக்கே நாப்பது பேரு நன்கொடைப் புத்தகத்தோட வந்து நிப்பாங்க" என்றார். வந்து நிற்பார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நன்கொடைப் புத்தகம் அச்சடிக்காத சங்கம் இந்த வட்டாரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே அவரைக் கடைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். அவரோடு சேர்ந்து இயங்கும் மூன்று சங்கங்களையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். உள்ளூர்க்காரர்களுக்கு யார் யார் என்பது இதற்குள்ளேயே விளங்கியிருக்கும்.

ஊரைப் பற்றி ஒரு சொல். வெளியூர்க்காரர்கள் சுங்கை சிப்புட்டை இரண்டு செய்திகளால் அறிவார்கள். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அதற்கு அருகிலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் ஒன்று. மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பது மற்றொன்று. எங்களுக்கோ இது தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த கடைத்தெரு. சம்பளம் போட்ட மறுநாள் நடக்க இடமில்லாமல் நெரிந்த ஊர். பால்மரங்கள் எனும் ரப்பர் மரங்கள் இருந்த நிலத்தில் செம்பனை வந்தது. தோட்டத்து லயன் வீடுகளில் இருந்தவர்கள் தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், பழைய சாலையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போன வெளியூர் வண்டிகளும் குறைந்தன. இப்போது இந்தக் கடைத்தெருவை வாழவைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் முதியவர்கள். அவர்கள் உண்பதை நிறுத்தினால் கடைகளும் நிற்கும். கடைக்காரரின் தயாள குணத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவராக வராமல் போனதைக் கண்டு, ஏன் வரவில்லை என்று விசாரித்ததில்தான் அவருடைய பணி தொடங்கியது என்பதால் எழுதுகிறேன்.

இன்னும் சரியாகச் சொன்னால், அது இரண்டு கட்டமாகத் தொடங்கியது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாக் கடைக்காரர்களையும் போல இவரும் மீந்த அரிசியைச் சமைத்துப் பொட்டலம் கட்டி, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், உதவி தேவைப்படுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் நாடு முழுவதும் பரவியபோது, கொடி தெரிந்த வீட்டுக்கெல்லாம் சோறு அனுப்பினார். அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். சாலையோரத் தாமானில் ஒரே சந்துக்கு நான்கு பேர் நான்கு விதமான சாப்பாடு கொண்டுவந்தார்கள்; அதில் பாதி குப்பைக்குப் போயிற்று. உள்ளே தள்ளியிருந்த பழைய தோட்டக் குடியிருப்புக்கு எவரும் போகவில்லை. கொடி கட்ட வெட்கப்பட்ட வீடுகளும் இருந்தன. வயது முதிர்ந்த ஒரு பெண்மணி, "செத்தாலும் வாசல்ல வெள்ளைத் துணி கட்ட மாட்டேன்" என்று கதவைச் சாத்தியதை ஊரே பேசியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். ஊரில் எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றே அழைப்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்யும் ஒரு சிறிய நலச் சங்கத்துக்கு அவர் செயலாளர். அந்த நோட்டில் ஆட்களின் பெயர், வீட்டு எண், யாரோடு இருக்கிறார், எந்த நாள் சிகிச்சை, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டா, பல் இருக்கிறதா இல்லையா என்பது வரை எழுதியிருந்தது. கடைக்காரர் பிற்பாடு என்னிடம் சொன்னது இது: "எங்கிட்ட அடுப்பு இருந்திச்சு, அவங்ககிட்ட லிஸ்ட்டு இருந்திச்சு." இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்தும் ஏறக்குறைய இதுவே. உணவகத்துக்குச் சமைக்கத் தெரியும். யாருக்குத் தேவை என்பது தெரியாது, தெரிந்துகொள்ள அதற்கு நேரமும் கிடையாது. சங்கத்துக்கு ஆட்களைத் தெரியும். அதனிடம் அடுப்பும் இல்லை, ஐம்பது பேருக்குச் சமைக்கும் கையும் இல்லை. தனித்தனியாக நின்றால் முதலாவது ஆண்டுக்கொருமுறை படம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஆண்டு முழுவதும் நன்கொடைப் புத்தகத்தோடு அலையும்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் மிகுதி. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு வருவோரில் பெரும்பகுதியினரை அங்கே கொண்டுவந்து நிறுத்துவதும் அதே நோய்தான். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். காலை முறைக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்பி, நண்பகலில் கால் தள்ளாட வீடு திரும்புவார். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே வாழும் ஒருவர் அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைப்பார் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம். காலையில் மீந்த ரொட்டி சானாயையோ பிஸ்கட்டையோ கோப்பியில் நனைத்து உண்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஆகவே சிகிச்சை முடிந்து வீடு வருகிற வேளைக்குச் சாப்பாடு வாசலில் இருக்க வேண்டும் என்பதே மிஸ்ஸியின் கோரிக்கை.

கடைக்காரர் உடனே ஒப்புக்கொண்டு, கடையில் விற்கும் இலைச் சாப்பாட்டையே கட்டித் தருவதாகச் சொன்னார். மிஸ்ஸி சமையற்கட்டுக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று தள்ளினார். ரசம் ஆகாது, நீர் அளவும் கூடும், புளியும் உப்பும் கூடும். அப்பளமும் ஊறுகாயும் மோர் மிளகாயும் உப்பு. கீரை, பருப்பு, உருளைக்கிழங்கு, வாழைப்பூ, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் மிகுதி. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு ஆகாது. பாயாசத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். பழத்தட்டில் இருந்த பிளிம்பிங் துண்டுகளைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த நட்சத்திரப் பழத்தில் இருக்கும் ஒரு நச்சுப்பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோய்விடும். கடைசியில் இலையில் மிஞ்சியது வெள்ளைச் சோறும் ஒரு துண்டு கோழியும்தான்.

"அப்ப என்னத்தைதான் போடுறது மிஸ்ஸி அக்கா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். "போடலாம் தம்பி. முதல்ல காய வேகவச்சு அந்தத் தண்ணிய கொட்டு" என்பது அவருக்குக் கிடைத்த விடை.

அந்தச் சமையலை நான் நேரில் நின்று பார்த்தேன். காய்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பெரிய பாத்திரம் நிறைய நீரில் கொதிக்கவிடுகிறார்கள். வெந்ததும் நீரை முழுவதும் வடித்துக் கொட்டுகிறார்கள். பொட்டாசியம் நீரில் கரையக்கூடியது என்பதால் அதில் கணிசமான பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. அதன்பின்பே கடுகு, கறிவேப்பிலை, பூண்டு, வற்றல் மிளகாய் போட்டுத் தாளிக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே அடுப்படியில் நரைத்த தலைமைச் சமையற்காரருக்கு முதல் வாரம் இது பொறுக்கவில்லை. காய் வெந்த நீரைக் கொட்டுவது அவர் பரம்பரையில் இல்லாத பழக்கம். சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகிறதே என்று புலம்பினார். அந்தச் சத்தை விரட்டுவதற்காகத்தான் இத்தனை பாடும் என்பதை அவருக்கு விளக்க மிஸ்ஸி இரண்டு மூன்று முறை வர வேண்டியிருந்தது. பிறகு அவரே தம் கைவண்ணத்தைக் காட்டத் தொடங்கினார். உப்பு குறைவதை மிளகும் இஞ்சியும் செரை எனும் எலுமிச்சைப் புல்லும் சில துளி எலுமிச்சைச் சாறும் ஓரளவு மறைக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. டயாலிசிஸில் உடம்பிலிருந்து புரதம் வெளியேறுவதால் அதை ஈடுகட்ட மீனோ கோழியோ முட்டையின் வெள்ளைக்கருவோ நாள்தோறும் வேண்டும். அதில் அவர் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். நல்ல மனம் படைத்த ஒரு வாடிக்கையாளர், உப்புக் குறைவாக உண்போருக்கு உகந்தது என்று பொட்டலத்தில் அச்சிட்ட ஒரு வகை உப்பைப் பெட்டியோடு வாங்கிவந்து கடையில் கொடுத்தார். சோடியத்தைக் குறைப்பதற்காக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருந்தார்கள். இரத்தக் கொதிப்பு உள்ள வேறொருவருக்கு அது நன்மை செய்யக்கூடும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது நஞ்சு. மிஸ்ஸி பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். பழுப்பரிசியும் அவ்வாறே திரும்பிப் போயிற்று. இவர்களுக்கு வெள்ளையரிசியே ஏற்றது, இனிப்பு நீர் உள்ளவர்க்கு அளவை மட்டும் குறைக்க வேண்டும். நோயாளிகளை அறிந்த ஒருவர் இடையில் இல்லாமல் கடையும் கொடையாளியும் நேரடியாகக் கைகோத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அன்னதானத்தில் பசி மட்டுமே கணக்கு என்று நாம் பழகிவிட்டோம். 1867இல் வடலூரில் வள்ளலார் அடுப்பு மூட்டிய காலத்தில் பஞ்சத்தில் வாடியவர்க்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால் மரம் சீவி, இன்று மூன்று வகை மாத்திரையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது போதாது.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும்தான் இந்தச் சமையல். திங்கள், புதன், வெள்ளி முறையில் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஒரு பிரிவு. செவ்வாய், வியாழன், சனி முறையில் போகிறவர்கள் மறு பிரிவு. இரண்டு பிரிவுக்கும் வாரத்தில் ஒருமுறையாவது போய்ச்சேர வேண்டும் என்பது ஒரு காரணம். வெள்ளிக்கிழமை மரக்கறிக் கூட்டத்தால் கடையில் மூச்சுவிட நேரமிராது, புதனும் வியாழனும் வியாபாரம் மந்தம் என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைக் கடைக்காரர் ஒளிக்காமல் சொல்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. தம் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுத்ததால்தான் இத்தனை காலமாக ஒரு வாரமும் விடாமல் நடக்கிறது.

சாப்பாடு அடுக்குத் தூக்குச்சட்டியில் போகிறது. ஆளுக்கு இரண்டு செட்டு. ஒன்று போகும்போது முந்தியது திரும்பி வரும். சங்கத்தின் தொண்டர்கள் மோட்டார் சைக்கிளிலும் பழைய புரோட்டோன் காரிலும் கொண்டுபோகிறார்கள். மூடியில் நீலப் பட்டை ஒட்டியிருந்தால் டயாலிசிஸ் நோயாளிக்குரியது. சிவப்புப் பட்டை இனிப்பு நீர் மட்டும் உள்ள முதியவருக்குரியது. சமைத்து முடித்த நேரமும் எழுதியிருக்கும். அதிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். திரும்பி வரும் சட்டிகளை மிஸ்ஸியே பார்வையிடுவார். சோறு அப்படியே இருந்தால் அன்று மாலை அந்த வீட்டுக்கு ஒருவர் போவார். சட்டியே வராவிட்டால் பெரும்பாலும் ஆள் மருத்துவமனையில் இருப்பார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சேதி போய்ச்சேர்வதற்கு முன்பே சட்டியால் சங்கத்துக்குச் சேதி தெரிந்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு முறை எறியும் போலிஸ்தீரின் பெட்டியில் அனுப்பியிருந்தால் இது எதுவும் நடந்திராது.

இரண்டாவது சங்கம் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடெங்கும் காட்டிய வழியில் இத்தகைய வகுப்புகள் பல ஊர்களில் முளைத்தன. எங்கள் ஊரிலும் ஒன்று. இதைப் பற்றி அதிகம் எழுத எனக்கில்லை. கடையின் மேல்மாடி சும்மா கிடந்தது, அதைக் கொடுத்தார். வகுப்பு தொடங்குமுன் ஆளுக்கொரு தட்டு மீ கோரேங்கோ சப்பாத்தியோ கொடுக்கிறார். பசியோடு கணக்குப் போட முடியாது என்பதைத் தவிர இதில் தத்துவம் ஒன்றுமில்லை. வாடகை மிச்சப்பட்டதால் ஆசிரியர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுக்க முடிகிறது என்று பொருளாளர் சொன்னார்.

மூன்றாவது உறவுதான் என் கணிப்பில் மற்ற இரண்டையும்விட ஆழமானது, ஆனால் ஊரில் எவரும் அதைத் தருமம் என்று கருதுவதில்லை. கணவரை இழந்தோ பிரிந்தோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவிடமிருந்து கடைக்காரர் மீன் மசாலைத் தூள், இறைச்சி மசாலைத் தூள், எலுமிச்சை ஊறுகாய் ஆகியவற்றை விலை கொடுத்து வாங்குகிறார். அதற்கு முன்பு ஈப்போவிலிருந்து மொத்த வியாபாரி கொண்டுவந்து போட்டதை வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் அந்தக் குழு நன்கொடை கேட்டுத்தான் வந்தது. அவர் நன்கொடைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாசத்துக்கு எத்தனை கிலோ அரைக்க முடியும்?" என்று கேட்டார். உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் பெற வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளில் உள்ள கட்டாயம். அந்தச் செலவை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். மற்றபடி எல்லாம் வியாபாரம்: எடை குறைந்தால் திருப்பி அனுப்புவார், மல்லி வறுபட்டது போதாவிட்டால் சொல்லிவிடுவார், சனிக்கிழமை கல்லாவிலிருந்தே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார்.

இது கறாராகத் தோன்றலாம். ஆனால் கடனுக்குச் சரக்கு வாங்கி மூன்று மாதம் இழுத்தடிக்கும் கடைகளுக்கு நடுவில், வாரா வாரம் கைக்கு வரும் காசு அந்த வீடுகளுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அந்தப் பெண்களிடமே கேட்க வேண்டும். அவர்களில் ஒருவர் என்னிடம், தாம் இப்போது பள்ளிக் கட்டணத்துக்காக எவர் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை என்று சொன்னார். சொல்லும்போது குரலில் நன்றி இல்லை, கொஞ்சம் மிடுக்கு இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய தேவையே இல்லாத உதவி என்று ஒன்று உண்டானால் அது இதுதான். அந்தக் குழுவிலிருந்து இருவர் இப்போது கடையின் சமையற்கட்டிலேயே வேலைக்கு இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் அது கடைக்காரருக்கும் ஆதாயம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று சட்டம் சொல்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கும் அது 2025 ஆகஸ்டு முதல் பொருந்தும்.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, வேறு ஊர்களில் இப்படிச் செய்ய எண்ணும் கடைக்காரர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: கொடுத்த சாப்பாட்டால் யாருக்காவது வயிறு கெட்டால் வழக்கு வருமா? 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. நல்லெண்ணத்தோடு, உண்ணத்தக்க நிலையில் உணவைக் கொடுத்தவரை அது பாதுகாக்கிறது. கடும் அலட்சியத்தாலோ வேண்டுமென்றோ தீங்கு விளைவித்தவரைப் பாதுகாக்காது. ஆகவே நேற்று மீந்ததைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு இந்தச் சட்டத்தின் பின்னால் ஒளிய முடியாது. எங்கள் கடைக்காரர் மீந்ததை அனுப்புவதே இல்லை. நீலப் பட்டைச் சமையல் தனி அடுப்பில் தனியாக நடக்கிறது.

வரியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ், வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குப் பணமாகக் கொடுத்த நன்கொடையை மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ச் சிறு சங்கங்கள் சங்கப் பதிவகத்தில் பதிவு பெற்றவை. அது வேறு, இந்த அங்கீகாரம் வேறு. சோறாகக் கொடுப்பது பணமும் அல்ல. எனவே, வரியைத் தப்பிக்கவே இதைச் செய்கிறார் என்று கடைத்தெருவில் பேசுகிறவர்கள் கணக்குத் தெரியாமல் பேசுகிறார்கள். தேர்தலுக்கு நிற்கப் போகிறார் என்று பேசுகிறவர்களும் உண்டு. அதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

செலவு சிறியதன்று. கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பர் தொடக்கத்தில் நின்றது. முட்டைக்கானது 2025 ஆகஸ்டில் நின்றது. தீபகற்பத்தில் டீசல் 2024 ஜூனில் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியதால் சரக்கு லாரிக் கூலியும் கூடியது. இலைச் சாப்பாட்டின் விலையை ஏற்றினால் வருகிற முதியவர்களும் வரமாட்டார்கள். இதற்கு அவர்கள் கண்ட வழி, வேலையைப் போலவே செலவையும் பிரித்துக்கொண்டதுதான். அரிசி, எரிவாயு, சமையல் கூலி கடையுடையது. மீனும் கோழியும் சங்கம் திரட்டும் மாதச் சந்தாவிலிருந்து வருகின்றன. கல்லாவுக்குப் பக்கத்தில் உண்டியல் வைக்கக் கடைக்காரர் இன்றுவரை சம்மதிக்கவில்லை. பிறர் பணம் தம் கையில் படக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். கொடுக்க விரும்புகிறவர் சங்கத்தின் பொருளாளரிடம் போய் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தா பத்து வெள்ளி.

பத்து வெள்ளி என்ற தொகை தற்செயலா என்று எனக்குத் தெரியாது; ஆனால் இந்த ஊரில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில்தான் வாங்கப்பட்டது. அதற்கும் முன்னால் 'தமிழ் முரசு' நாளிதழின் நிறுவனர் தமிழவேள் கோ. சாரங்கபாணி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோதும் சாதாரண மக்களின் ஒற்றை வெள்ளிகளே குவிந்தன. பெரிய மனிதரின் பெரிய காசோலைக்குக் காத்திருக்காமல் சிறு தொகையில் காரியத்தை முடிப்பது தோட்டத்து மக்களுக்குப் பழக்கமானதுதான். இடையில் சில காலம் கூடைக்கும் காசோலைக்கும் பழகிவிட்டோம்.

கோலாலம்பூரிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர், பிரிக்ஃபீல்ட்ஸில் அன்னலட்சுமி உணவகம் நடத்துவதைப் போல, உண்டபின் மனம்போல் காசு கொடுக்கலாம் என்று இங்கேயும் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். அன்னலட்சுமியின் பின்னால் ஒரு கலைக் கழகமும் தொண்டர் படையும் இருக்கின்றன. வசதியுள்ளவர் தமக்கும் இல்லாதவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும் பெருநகரமும் இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி வைத்தால், தேவைப்படுகிறவர் கூச்சப்பட்டு வரமாட்டார். வருகிறவர் பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறாரே என்று இல்லாத காசைக் கொடுத்துவிட்டுப் போவார். வாசலில் வெள்ளைத் துணி கட்ட மறுத்த அந்த அம்மையாருக்கு இன்று வியாழன்தோறும் சிவப்புப் பட்டைச் சட்டி போகிறது. இனாம் என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை; சங்கத்தில் அவர் சந்தாதாரர். பத்து வெள்ளியை மாதம் தவறாமல் கட்டுகிறார், ரசீதும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாடு ஒருவரைக் காப்பாற்றிவிடாது. மற்ற இருபது வேளைக்கு அவர் என்ன உண்கிறார் என்பது சங்கத்தின் கையிலும் இல்லை, கடையின் கையிலும் இல்லை. தொண்டர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் அவர்களை அனுப்ப மிஸ்ஸிக்கே மனம் வருவதில்லை. மிஸ்ஸியின் நோட்டுப் புத்தகத்துக்கு நகல் இல்லை என்பது என்னுடைய தனிப்பட்ட கவலை. கணினியில் ஏற்றித் தருகிறோம் என்று மேல்மாடி மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். அவர் இன்னும் நோட்டைக் கையிலிருந்து விடவில்லை. நோயாளிகளின் விவரம் வெளியே போகக்கூடாது என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது சனிக்கிழமைக்கும் ஒரு கடை தேவைப்படுகிறது. பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கும் தமிழ் முஸ்லிம் உணவகத்தின் முதலாளியோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அவர் சமைக்க இசைந்துவிட்டார். நீலப் பட்டைச் சமையலுக்கென்று ஓர் அடுப்பை ஒதுக்குவதும், ஹலால் முறைக்கு ஏற்பத் தம் கடைக்கென்று வேறு தூக்குச்சட்டிகள் வைத்துக்கொள்வதும் மட்டுமே பேசி முடிக்கப்படாமல் இருக்கின்றன. சட்டி செட்டு ஒன்று நாற்பது வெள்ளி ஆகிறது. வாங்கித் தர விரும்புகிறவர்கள் புதன் அல்லது வியாழன் காலை பதினொரு மணிக்குமுன் கடைக்கு வந்து மிஸ்ஸியைக் கேட்கலாம். பதினொரு மணிக்குப் பிறகு அவர் யாரோடும் பேசமாட்டார்.